எல்எஃப்ஓவைச் சுருதியிலிருந்து இறக்கி வையுங்கள்

கும்பகோணம் பக்கத்தில் இன்னிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கும் தம்பி கேட்டிருக்கிறார்: "குமிழ்கள் நிறைந்த அனலாக் வகைச் சின்தசைசர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன் அண்ணா. ஃபில்டர், என்வலப் எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. எல்எஃப்ஓ பகுதியைத் தொட்டால் மட்டும் ஆம்புலன்ஸ் சத்தம் வருகிறது. கோயில் திருவிழாவில் நாகஸ்வரச் சாயலில் ஓர் ஒலி வேண்டும். அதில் கமகம் அசைய வேண்டும். எல்எஃப்ஓவை எப்படி வைப்பது?"

தம்பி, ஆம்புலன்ஸ் வந்ததில் கருவியின் மேல் குற்றமில்லை. எல்எஃப்ஓ (லோ ஃப்ரீக்வென்சி ஆஸிலேட்டர்) என்பது தாழ்ந்த வேகத்தில் சுழன்று வேறொன்றை ஆட்டும் பகுதி; சைரன் என்பதே அதனால் சுருதியை ஆட்டுவதுதான். முக்கோண அலையை மெதுவாக விட்டுச் சுருதியைப் பல செமிடோன் (அடுத்தடுத்த இரண்டு விசைகளுக்கு இடையிலான தூரம்) ஏற்றி இறக்கினால் நீளமாக ஊளையிடும் சைரன். அதையே வேகமாக்கினால் நெரிசலில் காரை ஒதுங்கச் சொல்லும் அவசரச் சைரன். முக்கோணத்தை எடுத்துவிட்டுச் சதுர அலையை வைத்தால் இரண்டு சுரங்கள் மாறி மாறி அடிக்கும் இன்னொரு வகை. உங்கள் கருவியில் எல்எஃப்ஓ சுருதிக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அளவும் மிக அதிகமாக இருக்கிறது. சிக்கல் அவ்வளவுதான். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதியில், எல்எஃப்ஓவைக் கொண்டு கமகம் எழுப்பலாம் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. இந்தப் பதில் நீண்டது அதனால்தான்.

முதலில் அடிப்படையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மனிதக் காதுக்குக் கேட்கத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ். எல்எஃப்ஓ பெரும்பாலும் அதற்குக் கீழே சுழலும் ஆஸிலேட்டர், அதாவது அலை எழுப்பும் பகுதி. தானாக அது ஒலி எழுப்புவதில்லை. வேறொரு குமிழை உங்களுக்குப் பதிலாகத் திருப்பிக்கொண்டிருக்கும். எந்தக் குமிழை என்பது இலக்கு, எவ்வளவு வேகமாக என்பது ரேட், எவ்வளவு தூரம் என்பது டெப்த், எந்த விதமாக என்பது அலைவடிவம். சுருதி இலக்கானால் வைப்ராட்டோ, ஒலியளவு இலக்கானால் ட்ரெமலோ, ஃபில்டரின் கட்ஆஃப் (ஒலியின் மேல் பகுதியை எங்கிருந்து வெட்டுவது என்ற எல்லை) இலக்கானால் வாய் திறந்து மூடுகிற 'வாவ் வாவ்'. புதிய கருவியைத் தொடும்போதெல்லாம் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: எல்எஃப்ஓவை இணைப்பதற்கு முன் அந்தக் குமிழைக் கையால் திருப்பிப் பாருங்கள். எங்கிருந்து எங்கே வரை திருப்பினால் காதுக்கு நன்றாக இருக்கிறதோ அந்த இடைவெளிதான் உங்கள் டெப்த். பிறகு வேலையை எல்எஃப்ஓவிடம் ஒப்படைக்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டெப்தை முழுதாக ஏற்றிவிட்டு, எங்கே குறைப்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

இப்போது கமகத்துக்கு வருவோம்.

மேற்கத்திய இசையில் வைப்ராட்டோ என்பது பிடித்த சுரத்தைச் சுற்றிச் சமமாக நடக்கும் அசைவு. ஆபரா பாடகர் ஒருவருக்கு விநாடிக்கு 5 முதல் 7 முறை. சுரம் நடுவில் இருக்கும், அசைவு இருபுறமும் ஏறத்தாழ ஒரே அளவாகப் போய்வரும். சின்தசைசரைக் கட்டியவர்கள் அதை மனதில் வைத்துத்தான் எல்எஃப்ஓவைச் சுருதியோடு இணைத்துக் கொடுத்தார்கள். அந்த வேலைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். நம் கமகம் அந்தக் கணக்கில் அடங்காது. தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தாரம் தன் இடத்தில் நின்றுகொண்டு நடுங்குவதில்லை. ரிஷபத்தின் பக்கமிருந்து எழும்பி மத்திமத்தைத் தொட்டுத் தொட்டு இறங்குகிறது. எந்த முனையில் எவ்வளவு நேரம் தங்குவது என்பது அந்தப் பிரயோகத்தைப் பொறுத்தது, காலப்பிரமாணத்தைப் பொறுத்தது. வாக்கியம் முடியப்போகிறது என்றால் அசைவு தளரும். அடுத்த சுரத்துக்குத் தாவப்போகிறது என்றால் இறுகும்.

எல்எஃப்ஓவுக்கு இவற்றில் எதுவும் தெரியாது. நீங்கள் சுரத்தை அழுத்தும் நேரத்தில் அது தன் சுற்றில் எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே தொடங்கும். ஒரு முறை மேலிருந்து, ஒரு முறை கீழிருந்து, ஒரு முறை நடுவிலிருந்து. அதே சுரத்தை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து கிளம்பும். கீ சிங்க் என்றோ ரீட்ரிகர் என்றோ இருக்கும் வசதியைப் போட்டால் இந்தக் குழப்பம் தீரும். ஆனால் மற்றவை தீராது.

கீபோர்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 'சி'யை ஷட்ஜமாக வையுங்கள். பிட்ச் பெண்டை மேலே இரண்டு, கீழே இரண்டு செமிடோன் என்று அமையுங்கள். நிறையக் கருவிகளில் ஆலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் இருக்கும். இப்போது சாதாரண காந்தாரத்தை, அதாவது 'சி'யிலிருந்து மூன்றாவது செமிடோனை அழுத்திப் பிடியுங்கள். பெண்டை முழுதாக மேலே தள்ளினால் ஐந்தாவது செமிடோன், சுத்த மத்திமம். முழுதாகக் கீழே இழுத்தால் முதல் செமிடோன், சுத்த ரிஷபம். தோடிக் காந்தாரத்தின் களம் முழுவதும் ஒரே விசையில், ஒரு சக்கரத்துக்குள் அடங்கிவிடுகிறது. இதே எல்லைகளைச் சைன் அலை எல்எஃப்ஓவைக் கொண்டும் தொடலாம்: டெப்த் 200 சென்ட் (இரண்டு செமிடோன்), வேகம் உங்கள் விருப்பம். கணக்கு சரியாக வரும், தோடி வராது. கையால் சக்கரத்தை அசைத்தால், கொஞ்சம் முரடாக இருந்தாலும் தோடியின் வாசனை வந்துவிடும்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பெயரும் தோடியும் ஒன்றாகவே பேசப்படுகிற மண்ணில் இருக்கிறீர்கள். அவர் 1956-இல் மறைந்தார், பதிவுகள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றைப் போட்டு, ஒரே ஒரு நீண்ட காந்தாரத்தை எடுத்துக்கொண்டு, அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். சுருதி எங்கே போகிறது என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, நாதம் எங்கே விரிகிறது, எங்கே ஒடுங்குகிறது என்று கவனியுங்கள். உங்கள் எல்எஃப்ஓவுக்கான இடம் அங்கேதான் இருக்கிறது.

நாகஸ்வரத்தில் சுருதி, ஒலியளவு, பிரகாசம் மூன்றும் ஒரே மூச்சிலிருந்து வருகின்றன. சீவாளியில் உதடு இறுகி, காற்று அழுத்தம் ஏறினால் ஒலி பெரிதாவது மட்டுமில்லை, மேல் ஒத்திசைகள் (மூலச் சுருதியோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வெண்கள்) பளிச்சென்று எழும்பும். அழுத்தம் தளர்ந்தால் நாதம் மங்கும். ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும்போதும் இந்த விரிவும் ஒடுக்கமும் சின்ன அளவில் நடந்துகொண்டேயிருக்கின்றன. சின்தசைசரில் அதற்கு ஈடானது கட்ஆஃப். ஆகவே என் பரிந்துரை இதுதான்: சுருதியைக் கைக்கு விடுங்கள், எல்எஃப்ஓவை ஃபில்டருக்கு அனுப்புங்கள்.

ஒலியை இப்படிக் கட்டுங்கள். ஆஸிலேட்டரில் ரம்பப்பல் அலை; சதுர அலை வேண்டாம். நாகஸ்வரம் கூம்பு வடிவக் குழல், இரட்டை நாக்குச் சீவாளி. அதில் ஒற்றைப்படை, இரட்டைப்படை ஒத்திசைகள் எல்லாமே உண்டு. சமச் சதுர அலையில் ஒற்றைப்படை மட்டும்தான் இருக்கும், அது கிளாரினெட் பக்கம் போய்விடும். லோபாஸ் ஃபில்டரைப் பாதிக்கு மேல் திறந்து ரெசனன்ஸை, அதாவது கட்ஆஃபைச் சுற்றியுள்ள ஒலியைத் தூக்கிக் காட்டும் குமிழை, கொஞ்சமாக வையுங்கள். என்வலப்பின் அட்டாக் (ஒலி எழும்பும் நேரம்) வேகமாக இருக்கட்டும், ஆனால் பூஜ்யம் வேண்டாம். பூஜ்யத்தில் வைத்தால் 'டக்' என்று ஒரு தட்டு கேட்கும். மோனோ (ஒரு நேரத்தில் ஒரே சுரம்), லெகாட்டோ (சுரங்கள் அறுபடாமல் தொடர்வது), போர்ட்டமெண்டோ (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவது) துளியளவு. எல்எஃப்ஓவில் சைன் அல்லது முக்கோண அலை, விநாடிக்கு 5 சுற்று, இலக்கு கட்ஆஃப். டெப்தை, கேட்டும் கேட்காததுமாக இருக்கும் இடம் வரை ஏற்றிவிட்டு அதிலிருந்து சற்றுக் குறையுங்கள். எல்எஃப்ஓ டிலே என்ற குமிழ் இருந்தால் அரை விநாடிக்கு மேல் வையுங்கள். வேகமான பிருகாக்களில் எல்எஃப்ஓ தலைகாட்டாது. நீட்டிப் பிடித்த சுரத்தில் மட்டும் மெல்லத் தலையெடுக்கும். டிலே இல்லாத எல்எஃப்ஓ விரைவான சங்கதிகளையும் பிடித்து உலுக்கும். மலிவான சின்தசைசர் ஒலி என்று நாம் முகம் சுளிப்பதில் பாதி இதனால்தான்.

டெப்தை நிலையாக வைப்பதைவிட மாடுலேஷன் வீலுக்குக் கொடுப்பது இன்னும் நல்லது. சக்கரம் கீழே இருக்கும்போது எல்எஃப்ஓ இல்லை, ஏற்ற ஏற்ற வருகிறது. ரோலண்ட் கீபோர்டுகளில் இருக்கும் நெம்புகோல் இதற்கு அருமையானது: பக்கவாட்டில் அசைத்தால் சுருதி, முன்னால் தள்ளினால் மாடுலேஷன். இடது கையின் ஒரே அசைவில் மத்திமத்துக்கு ஏறிக்கொண்டே நாதத்தையும் விரிக்கலாம். ஆஃப்டர்டச் உள்ள கருவியென்றால் விசையை இன்னும் அழுத்துவதால் எல்எஃப்ஓ எழும்பும்படி அமைக்கலாம்; மூச்சுக்கு அது மேலும் நெருக்கம்.

இத்தனைக்குப் பிறகும் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாயனத்தின் நாதம் வராது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கருவியை இந்தப் பெட்டியால் நகலெடுக்கவும் வேண்டியதில்லை. மேடையில் நாயனக்காரர் இருந்தால் உங்கள் ஒலி அவருக்குப் போட்டியாக இல்லாமல் ஒத்துக்கு, அதாவது சுருதியைப் பிடித்து ஒலிக்கும் துணைக் குழலுக்கு, துணையாக நிற்பதுதான் அழகு என்பது என் எண்ணம். அதற்கும் எல்எஃப்ஓ வேண்டும், மிக மெதுவான எல்எஃப்ஓ. ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிடித்துக்கொண்டு, ரெசனன்ஸைச் சற்றுத் தாராளமாக வைத்து, கட்ஆஃபை விநாடிக்கு 0.1 அல்லது 0.2 சுற்று வேகத்தில், அதாவது ஐந்து முதல் பத்து விநாடிக்கு ஒரு சுற்று என்று, முக்கோண அலையால் நகர்த்துங்கள். ரெசனன்ஸின் முனை ஒவ்வோர் ஒத்திசையையும் கடக்கும்போது அந்த ஒத்திசை மட்டும் எழும்பி அடங்கும். தம்புராவில் குதிரைமேல் நூலைச் சரிசெய்து ஜீவாளி பிடித்தால் மேல் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறிக்குமே, அதற்குச் சொந்தக்காரன் என்று சொல்லத்தக்க விளைவு கிடைக்கும். இரண்டு எல்எஃப்ஓ இருந்தால் ஒன்றை 0.13, மற்றதை 0.19 என்று ஒட்டாத வேகங்களில் விடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே இடத்துக்குத் திரும்ப நெடுநேரம் ஆகும், கேட்பவருக்குச் சலிக்காது.

அலைவடிவத்தின் பொருளை ஏட்டில் படிப்பதைவிட வயல்வெளியில் படிப்பது சுலபம். மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை ஆயில் என்ஜின் ஓடும் ஊர்கள் நம்முடையவை. பழைய மெதுவான லிஸ்டர் வகை என்ஜின் நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும். நான்கு வீச்சு என்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 325 வெடிப்பு, விநாடிக்கு 5.4. இதைச் சின்தசைசரில் செய்து பாருங்கள். ஒலிமூலமாக நாய்ஸை, அதாவது சுருதியில்லாத இரைச்சலை, எடுத்து ஃபில்டரை நன்றாக மூடி அடித்தொனியாக்குங்கள். எல்எஃப்ஓவை ஒலியளவுக்கு அனுப்பி 5.4 ஹெர்ட்ஸில் வையுங்கள். சைன் அலையில் அது என்ஜினாகவே இருக்காது. 'உவ் உவ்' என்று குழையும். சதுர அலையில் 'டப் டப்' என்று வெட்டும், ஆனால் வெடிப்பு இருக்காது. இறங்கும் ரம்பப்பல் அலைக்கு மாற்றுங்கள்: சட்டென்று உச்சம், பிறகு சரிவு. என்ஜின் கிளம்பிவிடும். ஏறும் ரம்பப்பல்லைப் போட்டால் ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓடவிட்ட மாதிரி இருக்கும். வேகத்தையும் அளவையும் தொடாமல் வடிவத்தை மட்டும் மாற்றினோம், நான்கு வேறு ஒலிகள் கிடைத்தன.

என்ஜினை நிறுத்திவிடாதீர்கள். ரேட்டை மெல்ல ஏற்றுங்கள். 8, 10, 12 வரை வெடிப்புகளைத் தனித்தனியாக உணரலாம். 20-ஐ நெருங்கும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டி உறுமலாகிவிடும். அதற்கும் மேலே போக உங்கள் எல்எஃப்ஓ அனுமதித்தால், உறுமல் ஒரு சுருதியாகக் கேட்கத் தொடங்கும். ஜான் சௌனிங் 1967-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைப்ராட்டோவைக் கொண்டு ஆராய்ந்தபோது கடந்ததும் இதே எல்லையைத்தான். சுருதியை ஆட்டும் வேகத்தையும் அளவையும் ஏற்றிக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்கு மேல் காது அதை அசைவாகக் கேட்காமல் புதிய நாதமாகக் கேட்டது. மூலச் சுருதியின் இருபுறமும், ஆட்டும் வேகத்தின் இடைவெளிகளில், புதிய அதிர்வெண்கள் முளைத்துவிடுகின்றன. அதுதான் எஃப்எம் முறை. யமஹா அதற்கு உரிமம் வாங்கி 1983-இல் டிஎக்ஸ்7-ஐ வெளியிட்டது. 80-களின் மெல்லிசையில் கேட்ட மணியோசையும் மின்பியானோவும் பெரும்பாலும் அந்தப் பெட்டி தந்தவை. உங்கள் எல்எஃப்ஓ 20 ஹெர்ட்ஸைத் தாண்டுமென்றால் அதைச் சுருதிக்கு அனுப்பி அங்கே கொஞ்சம் விளையாடுங்கள். இசைக்கு உதவாத ஒலிகள்தான் அதிகம் வரும்; தவறி ஒன்றிரண்டு நல்ல மணிகளும் வரும்.

மழை விட்ட இரவில் வயலில் தவளைகள் கத்துமே, அதற்கு இரண்டு எல்எஃப்ஓ. ஒன்று வேகமாக ஒலியளவை நறுக்கிக் கரகரப்பைத் தரும். இன்னொன்று மெதுவான சதுர அலை, கத்தலுக்கும் ஓய்வுக்கும். சாம்பிள் அண்ட் ஹோல்ட் என்ற அலைவடிவம் ஒவ்வொரு சுற்றிலும் கண்டபடி ஒரு மதிப்பைப் பிடித்து நிறுத்தும். அதைச் சுருதிக்கு அனுப்புவது பழைய அறிவியல் படங்களின் கணினிச் சத்தம். ஓரிரு முறைக்கு மேல் கேட்கப் பொறுமை இருக்காது. மிக மெதுவாக, மிகச் சிறிய அளவில் ஒலியளவுக்கு அனுப்பினால் மனிதர் வாசிப்பதில் இருக்கும் ஏற்ற இறக்கம் கிடைக்கும். நாகஸ்வர ஒலிக்கு இரண்டாவது எல்எஃப்ஓ இருந்தால் நான் கொடுக்கும் வேலை இதுவே.

பாட்டுகளுக்குப் பின்னணியில் வயலின் கூட்டம் மாதிரி ஒன்று வேண்டுமென்றால் துடிப்பகலத்தை ஆட்டுங்கள்; உங்கள் கருவியில் பல்ஸ் வித் அல்லது பிடபிள்யூஎம் என்று எழுதியிருக்கும். 0.5 ஹெர்ட்ஸ் அளவில் அதை எல்எஃப்ஓ நகர்த்தினால், ஆஸிலேட்டர் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் இரண்டு மூன்று கருவிகள் சேர்ந்து ஒலிப்பது போலிருக்கும். இதில் மாயம் ஒன்றுமில்லை. துடிப்பு அலை என்பது இரண்டு ரம்பப்பல் அலைகளின் வித்தியாசம். அகலத்தை மாற்றுவதென்றால் அவற்றில் ஒன்றை மற்றதுக்கு எதிராக நகர்த்துவது. நகர்ந்துகொண்டிருக்கும் வரை அதன் சுருதி ஒரு நூலிழை விலகித்தான் இருக்கும். சற்றே சுருதி விலகிய இரண்டு கருவிகளைக் காது கேட்கிறது. ரோலண்ட் 1980-களில் வெளியிட்ட ஜூனோ வரிசையில் குரலுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும்) ஓர் ஆஸிலேட்டர்தான், எல்எஃப்ஓவும் ஒன்றே. ஆனாலும் அதன் ஸ்டிரிங்ஸ் இன்றும் கொண்டாடப்படுவதற்கு இந்த உத்தியும் அதிலிருந்த கோரஸும் காரணம். 1970-இல் வந்த மினிமூகில் தனியாக எல்எஃப்ஓவே கிடையாது. மூன்றாவது ஆஸிலேட்டரைத் தாழ்ந்த வேகத்துக்கு மாற்றி அந்த வேலையை வாங்குவார்கள். அப்படி மாற்றினால் ஓர் ஒலிமூலத்தை இழக்க வேண்டும். உங்கள் கருவியில் தனியாக ஒன்று இருக்கிறது, வசதிதான்.

தாளத்தோடு சேர்ப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். டெம்போ சிங்க் போட்டால் எல்எஃப்ஓ கால், அரைக்கால் என்று மேற்கத்தியப் பிரிவுகளில் ஓடும். நாலும் மூன்றும் அதில் கிடைக்கும். கண்டமும் மிஸ்ரமும் பெரும்பாலான கருவிகளில் இருக்காது. அதற்குக் கணக்கைக் கையில் எடுங்கள். நிமிடத்துக்கான அடிகளை 60-ஆல் வகுத்தால் விநாடிக்கான அடி. அதை நடையால், அதாவது ஓர் அடிக்குள் விழும் எண்ணிக்கையால், பெருக்கினால் எல்எஃப்ஓவின் ஹெர்ட்ஸ். காலப்பிரமாணம் 72 என்று வையுங்கள். விநாடிக்கு 1.2 அடி. திஸ்ரம் 3.6, சதுஸ்ரம் 4.8, கண்டம் 6, மிஸ்ரம் 8.4, சங்கீர்ணம் 10.8. கட்ஆஃபை இறங்கும் ரம்பப்பல்லால் 6 ஹெர்ட்ஸில் வெட்டிப் பிடித்த ஷட்ஜத்தின் மேல் 'தகதகிட' சொல்லிப் பாருங்கள், உட்காரும்.

ஆனால் இது ரெக்கார்டிங்கில் மட்டும். தவில்காரர் பக்கத்தில் இருக்கும் மேடையில் சிங்க்கைத் தொடவே தொடாதீர்கள். அவர் ஒரு தீர்மானத்துக்குப் போகும்போது காலம் ஒரு மயிரிழை முன்னே தள்ளும். அவரோடு நாயனக்காரரும் நகர்வார், உங்கள் எல்எஃப்ஓ நகராது. நான்கு ஆவர்த்தனத்துக்குள் அது அவர்களுக்கு எதிராக இடித்துக்கொண்டிருக்கும், எழுந்துபோய்த் தவில்காரரின் முகத்தைப் பார்க்க முடியாது. வேண்டுமென்றே தாளத்தில் துடிக்கும் ஒலி ஒன்று வேண்டுமென்றால் கீ சிங்க் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சமத்திலும் விசையைப் புதிதாக அழுத்துங்கள். ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் எல்எஃப்ஓ ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கும், விலகல் சேராது.

குரல்களைப் பற்றியும் ஒன்று. சில கருவிகளில் எல்லாக் குரல்களுக்கும் சேர்த்து ஓர் எல்எஃப்ஓ. கார்டு பிடித்தால் எல்லாச் சுரங்களும் ஒன்றாகவே ஏறி இறங்கும். வேறு சிலவற்றில் குரலுக்கொன்று; ஒவ்வொரு சுரமும் தனக்கென்று அசையும். ஸ்டிரிங்ஸுக்கு இரண்டாவது வகை நன்றாக இருக்கும், ஆர்கனுக்கு முதல் வகை. உங்களுடையது எது என்று கண்டுபிடிக்கச் சதுர அலையைச் சுருதிக்கு அனுப்பி, இரண்டு விசைகளைச் சற்று இடைவெளி விட்டு அழுத்துங்கள். சேர்ந்து குதிக்கின்றனவா என்பது உடனே கேட்கும்.

கடைசியாக ஒலிபெருக்கி. வீட்டில் ஹெட்ஃபோனில் அமைத்த ஒலி சந்நிதித் தெருவில் குழாய் ஒலிபெருக்கி வழியாகப் போகும்போது அடித்தொனி காணாமல் போகும், நடுத்தொனி முறுக்கேறும். ரெசனன்ஸ் வைத்த ஃபில்டர் அந்த நடுப்பகுதியைக் கடக்கும்போதெல்லாம் கத்தியால் கீறுவது மாதிரி இருக்கும், மைக்குகளும் கூவத் தொடங்கும். மேடைக்கென்று அதே ஒலியின் இன்னொரு நகலைச் சேமித்து, அதில் ரெசனன்ஸைப் பாதியாகவும் எல்எஃப்ஓ டெப்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகவும் வையுங்கள். நுணுக்கமான அசைவுகள் தெருவில் கரைந்துவிடும் என்பதால்தான் டெப்தை ஏற்றச் சொல்கிறேன். எல்எஃப்ஓவை இடம் வலமாக ஒலியை நகர்த்தும் பான் இலக்குக்கு அனுப்பியிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். திருவிழா ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் மோனோ, இடம் வலம் என்ற பிரிவு கிடையாது. கீபோர்டிலிருந்து இரண்டு கேபிள் போய், மிக்சர்காரர் ஒன்றை மட்டும் திறந்து வைத்திருந்தால், உங்கள் வாசிப்பு பாதி நேரம் தெருவுக்கே போய்ச் சேராது. நிறையக் கருவிகளில் இடது ஜாக்கை மட்டும் சொருகினால் இரண்டு பக்கமும் சேர்ந்து மோனோவாக வெளியே வரும். அந்த ஜாக்குக்குப் பக்கத்தில் அப்படி எழுதியும் இருக்கும். வலது கேபிளைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு மேடையேறுங்கள்.